வில்ஹெல்ம் மைபாக் சரித்திரம்

மோட்டார் வண்டியை ஓட்டுகிறவன் கைக்கும், அவ்வண்டியின் யந்திரத்துக்கும் இடையேயுள்ள தூரம் மூன்று நான்கு அடிக்கு மேற்படாது. ஆயினும் அச்சிறு தூரத்தைக் கடப்பதற்கு மனிதன் பட்ட பாடு சிறிதன்று. யந்திரம் எவ்வளவு வலிமையுடையதாயினும், ஓட்டுகிறவன் விரும்பிய வேளையில், விரும்பிய அளவில் அவ்வலிமை சக்கரங்களைச் சென்று சேராவிடில், அதனால் பயனில்லை, தீமையும் விளையலாம். பேராற்றலைப் படைத்தோரை உலகம் போற்றுகிறது. அவ்வாற்றலை மனிதன் கைக்கு அடங்குமாறு இணைத்துக் கொடுத்தோரை அது எளிதில் மறந்துவிடுகிறது. அவ்வாறு நெடுங்காலம் பின்னணியில் நின்றவர்களில் தலைசிறந்தவர் ஜெர்மனி தேசத்து வில்ஹெல்ம் மைபாக் என்பவர். இந்நாளில் அவர் பெயர், மேபேக் என்னும் உச்சரிப்போடு, செல்வர் ஏறும் விலையுயர்ந்த கார்களின் பெயராகவே பலருக்குத் தெரியும். அப்பெயருக்கு உரியவர் செல்வர் வீட்டில் பிறந்தவரல்லர். தாய் தந்தையரை இழந்து, பிறர் தயவில் வளர்ந்த ஓர் அநாதைச் சிறுவர்.

இளமை

மைபாக் 1846-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதி, வூர்ட்டம்பர்க் நாட்டைச் சேர்ந்த ஹைல்பிரான் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு தச்சர். சகோதரர் பலருள் ஒருவராகப் பிறந்த இவருக்கு எட்டு வயது ஆகும்போது குடும்பம் ஸ்டுட்கார்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. சிறிது காலத்திற்குள் தாயார் இறந்தார். 1856-இல் தந்தையும் இறந்தார். பத்து வயதுப் பாலகர் ஆதரவற்று நின்றார். பெற்றோரை இழந்த இப்பிள்ளைகளுக்கு இரங்குவோர் உண்டோ என்று கேட்டுச் செய்தித்தாளில் ஒரு விண்ணப்பம் வெளிவந்தது. அதற்கு இரங்கியவர் குஸ்தாவ் வெர்னர் என்னும் தேவ ஊழியர்.

வெர்னர் ராய்ட்லிங்கென் என்னும் ஊரில் சகோதரர் இல்லம் என்ற பெயரால் ஓர் அறநிலையத்தை நடத்திவந்தார். அநாதைகளும் ஏழைகளும் வாழ்ந்த அவ்விடத்தில் கஞ்சி வார்ப்பதோடு தருமம் முடிந்துவிடவில்லை. பட்டறையும் தொழிற்சாலையும் இருந்தன. ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு தொழிலைக் கற்று நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அந்நிலையத்தின் கொள்கை. சிறுவர் மைபாக்கினிடத்தில் கோடும் வட்டமும் வரையும் திறமை மிகுதியாயிருப்பதை வெர்னர் கண்டுகொண்டார். ஆகவே அவர் யந்திரப் படம் வரைவோராகப் பயிற்றப்பட்டார். பகலில் வேலையும், மாலையில் கணிதம், பௌதிகம் முதலிய பாடங்களுமாக அவர் இளமை கழிந்தது. சர்வகலாசாலையின் வாயிலை அவர் மிதித்தவரல்லர். பிற்காலத்தில் ஒரு சர்வகலாசாலைக்கு நிகரான தொழிற்கல்லூரி அவரைத் தேடி வந்தது.

டைம்லரின் நட்பு

1863-ஆம் ஆண்டில் அந்நிலையத்தின் யந்திரத் தொழிற்சாலையை நடத்துவதற்குக் காட்லீப் டைம்லர் என்பவர் வந்து சேர்ந்தார். அவர் மைபாக்கைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். படம் வரையும் மேசையருகே அமைதியாக அமர்ந்திருந்த இளைஞரின் கூர்மையை அவர் கவனித்தார். அன்று தொடங்கிய நட்பு டைம்லர் இறக்கும் வரையில் குலையவில்லை. டைம்லர் எண்ணத்தில் விரைவும், சுபாவத்தில் பிடிவாதமும் உடையவர். எதனைச் செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். அதனை எவ்வாறு செய்வது என்பது மைபாக்கின் பென்சில் நுனியில் விளங்கும். டைம்லர் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்குச் சென்றபோது, 1869-இல் மைபாக்கும் அங்கே சென்றார். டைம்லர் 1872-இல் கொலோன் நகரத்தை அடுத்த டாய்ட்ஸ் யந்திரத் தொழிற்சாலைக்குத் தொழில் தலைவராகப் போனார். மைபாக் அங்கே வரைபட அலுவலகத்தின் தலைவரானார்.

டாய்ட்ஸில்தான் நிக்கோலாஸ் ஒட்டோ என்பவர் 1876-இல் நான்கடி யந்திரத்தை உருவாக்கினார். வாயுவை உள்ளிழுத்தல், நெருக்குதல், எரித்தல், வெளித்தள்ளுதல் என்ற நான்கு வினைகளைப் பிஸ்டனின் நான்கு ஓட்டங்களில் முடிப்பது அதன் முறை. அம்முறையைத் தொழிற்சாலையில் எண்ணிறந்த படிகளாகச் செய்து விற்பதற்கேற்ற வடிவில் திருத்தியமைத்த பெருமை மைபாக்கைச் சாரும். எனினும் அவ்யந்திரம் மிகுந்த கனமுடையது. நிமிஷத்துக்கு ஏறக்குறைய நூற்றைம்பது முதல் நூற்றெண்பது சுற்றுக்களே சுற்றியது. ஓரிடத்தில் நிலையாக நின்று வேலை செய்வதற்கே ஏற்றது. நகரும் வண்டியிலும் படகிலும் வைத்தற்குரிய, இலேசான, விரைந்து சுற்றும் யந்திரம் ஒன்று வேண்டும் என்பது டைம்லரின் கனவு. நிர்வாகிகளோடு அபிப்பிராய பேதம் முற்றவே, டைம்லர் 1882-இல் அவ்விடத்தை விட்டு நீங்கினார். நல்ல உத்தியோகத்தையும் நிலையான வருமானத்தையும் விடுத்து மைபாக்கும் அவரைப் பின்பற்றினார். அப்பொழுது அவர் மனைவி மக்களோடு வாழ்ந்த குடும்பஸ்தர் என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும்.

தோட்டத்துப் பட்டறை

ஸ்டுட்கார்ட்டை அடுத்த கான்ஸ்டாட் என்னும் ஊரில் டைம்லர் வாங்கிய வீட்டுத் தோட்டத்தில் செடிகளை வளர்க்கும் கண்ணாடி வீடு ஒன்று இருந்தது. அதனையே இருவரும் பட்டறையாக்கிக்கொண்டார்கள். இரவும் பகலும் உள்ளே உலோகம் தட்டும் ஓசை கேட்டது. வெளியார் எவரும் உள்ளே விடப்படவில்லை. தோட்டக்காரர் ஐயுற்று, இவர்கள் கள்ள நாணயம் அடிக்கிறார்கள் போலும் என்று போலீஸாருக்குத் தெரிவித்தார் என்றும், போலீஸார் வந்து பார்த்தபோது யந்திர உறுப்புக்களையன்றி வேறொன்றும் காணவில்லை என்றும் சொல்லுவார்கள்.

1883-இல் நிமிஷத்துக்கு அறுநூறு சுற்றுக்கள் சுற்றும் சிறிய யந்திரம் அங்கே பிறந்தது. 1885-இல் அதனினும் இலேசான, நிமிர்ந்து நிற்கும் நிலைக்கடிகாரம் போன்ற வடிவுடைய யந்திரம் ஒன்றை மைபாக் அமைத்தார். அதே ஆண்டில் அத்தகைய யந்திரம் ஒன்றை மரத்தாலாகிய இருசக்கர வண்டியில் பொருத்தினார்கள். அரைக் குதிரை வலிமையுள்ள யந்திரத்தோடு மணிக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடிய அவ்வண்டி, இன்றைய மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

குதிரையின் இடத்தில் யந்திரம்

அடுத்த ஆண்டு நிகழ்ந்த செயலே நம் கருத்துக்கு மிகவும் உரியது. டைம்லர் 1886-இல் ஸ்டுட்கார்ட் நகரத்து வண்டி செய்வோரிடமிருந்து குதிரை பூட்டும் கோச்சு வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். இரகசியம் வெளிப்படாதிருக்கும் பொருட்டு, அது தம் மனைவியின் பிறந்தநாள் பரிசு என்று சொல்லிவைத்தாராம். குதிரை பூட்டும் ஏர்க்கால் கழற்றப்பட்டது. பின்புற ஆசனத்தின் முன்னே, பயணிகள் கால் வைக்கும் இடத்தைத் துளைத்து, ஒரு குதிரை வலிமைக்குச் சற்று மிகுந்த யந்திரம் பொருத்தப்பட்டது. எஸ்லிங்கென் தொழிற்சாலையில் மைபாக்கின் மேற்பார்வையில் இவ்வேலை நடைபெற்றது.

பழைய வண்டியில் புதிய யந்திரத்தை வைப்பது, பார்வைக்கு ஒரு பெட்டியை எடுத்து வேறொரு பெட்டியை வைப்பது போன்று தோன்றும். உண்மையில் அங்கேதான் சங்கடம் தொடங்குகிறது. குதிரை வண்டியில் ஓட்டுகிறவன் கைக்கும் குதிரையின் வலிமைக்கும் இடையே இருந்தது கடிவாள வார் ஒன்றே. வண்டியைத் திருப்புவதும், வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும், நிறுத்துவதும் ஆகிய மூன்றும் அவ்வொரு வாரினால் முடிந்தன. அந்த வாரின் மறுமுனையில் ஓர் உயிர் இருந்து கட்டளையை உணர்ந்து நடந்தது. மேட்டில் ஏறும்போது தானே முயன்று இழுக்கவும், பள்ளத்தில் தானே அடங்கவும் குதிரைக்குத் தெரியும். யந்திரத்துக்கு அவ்வறிவு இல்லை. ஆகவே குதிரையை அவிழ்த்துவிட்ட மறுகணமே, கடிவாளம் செய்துவந்த மூன்று வேலைகளுக்கும் தனித்தனியே மூன்று இணைப்புக்கள் வேண்டியவாயின.

அவ்வண்டியின் முன்னச்சு முழுவதும் ஒரு வட்டத்தின்மேல் திரும்பும் பழைய அமைப்பை அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டு, ஏர்க்காலுக்குப் பதிலாகக் கையால் திருப்பும் ஒரு பிடியை அதனோடு சேர்த்தார்கள். யந்திரத்தின் சுழற்சி தோல்வார்களின் வழியாக ஒரு நடு அச்சுக்குச் சென்றது. அவ்வச்சின் சிறு பல்சக்கரங்கள் பின்சக்கரங்களில் பதித்த பெரும் பல்வளையங்களைச் சுழற்றின. மெதுவாகச் செல்ல ஒரு வாரும், விரைந்து செல்ல மற்றொரு வாருமாக இருவகை வேகம் அமைந்தது. வண்டி ஓடியது; மணிக்குப் பதினாறு கிலோமீட்டர் வேகமும் சென்றது. அதே ஆண்டில் மான்ஹைம் நகரத்துக் கார்ல் பென்ஸ் என்பவர் தம் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார்.

டைம்லருக்கு இவ்வெற்றி திருப்தி அளித்தது. எந்த வண்டியிலும், எந்தப் படகிலும் வைக்கத்தக்க யந்திரத்தைச் செய்து விற்பதே அவர் நோக்கம். மைபாக்கின் உள்ளமோ நிறைவடையவில்லை. குதிரைக்கென்று செய்த உடல் யந்திரத்தின் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு ஏற்றதன்று; வாரும் ஏர்க்காலும் இருந்த இடங்களில் தடிகளையும் பிடிகளையும் ஒட்டவைப்பது எந்நாளும் ஒட்டுவேலையாகவே நிற்கும் என்பதை அவர் கண்டார். ஆகையால் யந்திரமும், சட்டமும், பல்சக்கரங்களும், ஓட்டுகிறவன் கைப்பிடியும் ஒரே சிந்தையில் பிறந்த முழு வண்டி ஒன்றை அமைக்க வேண்டும் என்று டைம்லரிடம் வற்புறுத்தினார். அதன் பயன் 1889-ஆம் ஆண்டின் எஃகுச் சக்கர வண்டி. குழாய்ச் சட்டமும், சரிந்து சேர்ந்த இரண்டு சிலிண்டர்களும், நான்கு வேகங்கள் தரும் பல்சக்கரங்களும் அதற்கு இருந்தன. அவ்வாண்டு பாரிஸ் நகரத்து உலகக் கண்காட்சியில் அது காட்டப்பட்டது. பிரெஞ்சு தேசத்துப் பனார்-லெவாஸோர், பெஜோ ஆகிய தொழிற்சாலைகள் டைம்லர் யந்திரங்களைக் கொண்டு மோட்டார் வண்டித் தொழிலைத் தொடங்கின.

பிரிவும் மறைவாழ்வும்

முதலில்லாமல் தொழில் வளராது. 1890-ஆம் ஆண்டு நவம்பரில் வேறு முதலாளிகளின் கூட்டுறவோடு டைம்லர் கம்பெனி நிறுவப்பட்டது. முதலீட்டார் நிலையான யந்திரங்களை விற்று விரைவில் இலாபம் காண விரும்பினார்கள்; ஓடும் வண்டியில் அவர்களுக்கு நம்பிக்கை குறைவு. மைபாக்கிற்கு அவர்கள் தரமுன்வந்த நிபந்தனைகள் அவருக்கு ஏற்றனவல்ல. 1891-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் விலகினார். டைம்லரோ தம் பெயர் தாங்கிய கம்பெனியிலேயே அதிகாரம் குன்றியவராயினார்.

இவ்விடத்தில் நட்பு தன் வலிமையைக் காட்டியது. டைம்லர் தம் சொந்தப் பொருளைக் கொடுக்க, மைபாக் முதலில் தம் வீட்டிலும், பின்னர்க் கான்ஸ்டாட்டில் ஹெர்மன் ஓட்டல் என்ற கட்டடத்தின் பெரிய கூடத்திலும் பட்டறை அமைத்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். முன்னர் மக்கள் கூடி ஆடிய மண்டபத்தில் ஃபீனிக்ஸ் என்னும் புதிய யந்திரம் உருவாயிற்று. நுண்துளையின் வழியே பெட்ரோலைத் தூவிக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை 1893-இல் அவர் அமைத்தார். அதற்குப் பின் பல்லாண்டுகள் உலகெங்கும் ஓடிய பெட்ரோல் வண்டிகளின் கார்புரேட்டர்கள் இத்தத்துவத்தையே பின்பற்றின. கம்பெனியோ இவ்விருவர் இல்லாமல் தளர்ந்தது. ஆங்கிலேய வியாபாரி பிரெடரிக் ஸிம்ஸ் என்பவரின் கூட்டத்தார் டைம்லர் யந்திரங்களின் பிரிட்டிஷ் உரிமையைப் பெரும்பொருள் கொடுத்து வாங்க முன்வந்தபோது, டைம்லரைத் திரும்ப அழைத்தாலன்றிப் பணம் தருவதில்லை என்று நிபந்தனை விதித்தார்கள். 1895-இல் இருவரும் திரும்பினார்கள். மைபாக் தொழில் தலைவரானார்.

மெர்ஸிடிஸ்

1900-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6-ஆம் தேதி டைம்லர் காலமானார். அம்மாத முடிவில், பிரான்ஸ் தேசத்து நீஸ் நகரத்தை அடுத்த லா டூர்பி மலைப்பாதையில் நடந்த பந்தயத்தில் டைம்லர் வண்டி ஒன்று பாறையில் மோதியது. அதனை ஓட்டிய வில்ஹெல்ம் பௌவர் உயிரிழந்தார். உயரமாகவும் குட்டையாகவும் இருந்த பழைய வண்டிச் சட்டத்தில் நாளுக்கு நாள் வலிமை கூடிய யந்திரங்களைப் பொருத்தி வந்ததன் அபாயம் அன்று வெளிப்பட்டது. பழைய உடலில் புதிய வலிமையை ஏற்றுவதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கணக்கிடாதவிடத்து ஒரு மனித உயிர் விலையாகிவிடுகிறது.

நீஸ் நகரத்தில் வசித்த எமில் யெல்லினெக் என்னும் வியாபாரி, தாழ்வாகவும் அகலமாகவும் நீளமாகவும் புதிய வண்டி ஒன்று செய்து தருமாறு கம்பெனியை நெருக்கினார். முப்பத்தாறு வண்டிகளுக்கு ஐந்தரை லட்சம் பொன் மார்க்குக்கு ஆணை கொடுத்தார். வண்டிக்குத் தம் மகள் மெர்ஸிடிஸின் பெயரை இட வேண்டுமென்றார். மைபாக் தம் ஐம்பத்து நான்காம் வயதில், வழிகாட்டிய நண்பரை இழந்த துயரத்தினிடையே, அவ்வேலையை மேற்கொண்டார். முதல் வண்டி 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி அனுப்பப்பட்டது. 1901 மார்ச்சில் நீஸ் நகரத்துப் பந்தயங்களில் அது மற்ற வண்டிகளையெல்லாம் பின்னே விட்டது. குதிரை வண்டியின் சாயல் முற்றும் நீங்கிய முதல் மோட்டார் வண்டி என்று அதனைச் சரித்திரக்காரர் பலர் மதிக்கின்றனர். அழுத்திய எஃகுத் தகட்டாலாகிய சட்டம், அதில் தாழப் பதித்த முப்பத்தைந்து குதிரை வலிமையுள்ள யந்திரம், தேன்கூடு போன்று எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சிறு குழாய்கள் சேர்ந்த ரேடியேட்டர் ஆகியவை அதன் உறுப்புக்கள். அவற்றோடு, பலர் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் ஓர் உறுப்பும் இருந்தது. அது கியர் மாற்றும் கைக்கோல். நம் நாட்டு ஓட்டுநர் கியர் ராடு என்று வழங்குவது.

கைக்கோலும் அதன் வாயிலும்

அதற்கு முன் ஓடிய வண்டிகள் பலவற்றில் கைக்கோல் ஒரே கோட்டில் முன்னும் பின்னும் நகர்ந்தது. முதல் வேகத்திலிருந்து நான்காம் வேகத்துக்குப் போக வேண்டின், இரண்டையும் மூன்றையும் கடந்தே போக வேண்டும், திரும்புவதும் அவ்வாறே. கடக்கும் ஒவ்வோரிடத்திலும் பற்கள் உராயும். இருளிலும் அவசரத்திலும் கை எங்கே நிற்கிறது என்பது தெரியாது. மைபாக் இவ்வழக்கத்தை மாற்றினார். கைக்கோல் பக்கவாட்டிலும் அசையுமாறு செய்து, அது செல்லும் வழிகளை ஓர் உலோகத் தகட்டில் வாயில்களாக வெட்டினார். பல்சக்கரப் பெட்டியுள் பற்களை நகர்த்தும் தடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை அடுத்தடுத்துக் கிடக்கும். கைக்கோலைப் பக்கமாக அசைத்தால் அதன் அடிமுனை வேண்டிய தடியின் பள்ளத்தில் சென்று அமரும்; முன்னோ பின்னோ தள்ளினால் அத்தடி மாத்திரம் நகரும். தேர்ந்தெடுத்தலும் தள்ளுதலும் ஆகிய இரு செயல்கள் ஒரே கோலில் அடங்கின. ஒவ்வொரு வேகத்துக்கும் அதற்கே உரிய ஓர் இடம் ஏற்பட்டது. அவ்விடத்தைக் கண் பாராமலே கை அறியும். கையால் கியர் மாற்றும் வண்டிகள் இன்றும் இம்முறையிலேயே இயங்குகின்றன.

இவ்வமைப்பின் நுட்பம் அதனைக் குலைத்துப் பார்ப்பவர்க்கே நன்கு விளங்கும். பழைய மோட்டார் வண்டிகளைப் பேணும் ஆர்வலர், பழுதான யந்திரத்தையும் பல்சக்கரப் பெட்டியையும் நீக்கிப் பிற்காலத்து யந்திரத்தைப் பொருத்துவது இந்நாளில் பல தேசங்களில் காணும் வழக்கம். வண்டியின் பழமை கெடாதிருக்க, முதலில் இருந்த கைக்கோலையே வைத்துக்கொள்ள அவர்கள் விரும்புவார்கள். சில பழைய வண்டிகளில் அது ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலே இருக்கும். அங்கிருந்து இரண்டு நீண்ட தடிகள் கீழிறங்கிப் பெட்டியின் பக்கத்திலுள்ள இரு சிறு கரங்களைச் சென்று பிடிக்கும். புதிய பெட்டியிலோ அக்கரங்கள் வேறிடத்தில் இருக்கும். வேறு திசையில் நகரும். அவை நகர வேண்டிய தூரமும் வேறாயிருக்கும். கைக்கோலின் தடி அறுபது மில்லிமீட்டர் நகர்கிறது, பெட்டியின் கரம் நாற்பது மில்லிமீட்டரே நகர வேண்டும் எனின், நடுவே ஒரு சுழல் கரத்தை வைத்து, அதன் இரு கைகளின் நீளத்தை மூன்றுக்கு இரண்டு என்று அமைத்தல் வேண்டும். திசை மாற வேண்டின், அச்சுழல் கரத்தின் ஆணி இரு கைகளுக்கும் நடுவே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் சிறிது தளர்ச்சி இருப்பினும், மூட்டுக்கள் பெருகப் பெருக அத்தளர்ச்சிகள் கூடிப் பற்கள் முழுவதும் சேராமல் நின்றுவிடும். பாதி சேர்ந்த பற்கள் ஓட்டத்தில் நழுவும், அல்லது உடையும். ரப்பர் தாங்கிகளின்மேல் யந்திரம் அசையும்போது தடி அதனோடு இழுபடாதிருக்கவும் வழி செய்ய வேண்டும். யந்திரத்தை இறக்கி வைப்பது ஒரு நாள் வேலையாயின், இத்தடிகளைச் சரிசெய்வது பல நாள் வேலையாகிவிடுவதுண்டு. மைபாக் 1886-இல் குதிரையின் இடத்தில் யந்திரத்தை வைத்தபோது எதிர்ப்பட்ட கேள்வியும் இதுவேயாம். வலிமை மாறியபின் கை அதனோடு எவ்வாறு பேசுவது? ஒட்டுவேலையில் அக்கேள்விக்கு ஒரு விடையும், முழு வண்டியை ஒன்றாக எண்ணி அமைத்ததில் மற்றொரு விடையும் அவர் கண்டார்.

புறக்கணிப்பும் புதுவாழ்வும்

மெர்ஸிடிஸ் வண்டியின் புகழ் ஐரோப்பா முழுவதும் பரவியது. அதனைப் படைத்தவர்க்கோ அப்புகழ் நிழல் தரவில்லை. கம்பெனியில் அவர் ஆதரவாளர் குறைந்தார்கள். அவர் பொறுப்பு படிப்படியாகப் பிறர் கைக்கு மாறியது. இறுதியில் புதுமைகளை ஆராயும் ஒரு தனி அறை அவருக்கு ஒதுக்கப்பட்டது. அது பெயரளவில் மரியாதை, உண்மையில் ஒதுக்கம். இளமை முதல் டைம்லர் என்னும் பெருந்துணையின் அருகிலேயே உழைத்துப் பழகிய அவருக்கு, சபையில் வாதாடித் தம் உரிமையை நிலைநாட்டும் வன்மை வாய்க்கவில்லை. 1907-ஆம் ஆண்டு ஏப்ரலில், அறுபத்தோராம் வயதில், அவர் அக்கம்பெனியை விட்டு வெளியேறினார்.

அவ்வயதில் பலர் ஓய்வை நாடுவார்கள். மைபாக் வானத்தை நோக்கினார். ஸெப்பெலின் பிரபு நடத்திவந்த ஆகாயக் கப்பல் ஒன்று 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் தேதி, யந்திரக் கோளாற்றினால் எக்டர்டிங்கென் என்னும் இடத்தில் இறங்கி நிற்கையில், புயற்காற்றில் அகப்பட்டு எரிந்து அழிந்தது. ஆகாயக் கப்பலுக்கு நம்பத்தக்க யந்திரம் இன்றியமையாதது என்பதை அனைவரும் உணர்ந்தார்கள். மைபாக் ஸெப்பெலினுக்குத் தம் உதவியை அளிக்க முன்வந்தார். 1909-இல் அதற்கெனத் தனித் தொழிற்சாலை ஒன்று தோன்றியது. தம் மூத்த மகன் கார்லை அதன் தொழில் தலைவராக்கித் தாம் ஆலோசனை கூறும் முதியவராக இருந்தார். 1912-இல் அத்தொழிற்சாலை பிரீட்ரிக்ஸ்ஹாபென் நகரத்துக்கு மாறியது. 1916-இல் ஸ்டுட்கார்ட் தொழிற்கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது.

முதல் உலக யுத்தத்தின் பின், 1919-ஆம் ஆண்டு வெர்சேல்ஸ் உடன்படிக்கையால் ஜெர்மனியில் ஆகாய யந்திரத் தொழில் தடைப்பட்டது. கார்ல் மைபாக் மோட்டார் வண்டி யந்திரங்களைச் செய்யத் தலைப்பட்டார். பிறர் வண்டிகளில் பொருத்துவதற்கு யந்திரம் மட்டும் விற்பதே அவர் முதலில் எண்ணியது. ஹாலந்து தேசத்து ஸ்பைக்கர் கம்பெனி அதனை வாங்கித் தன் வண்டியில் வைத்தது. வாங்குவோர் போதாமையால், 1921-இல் பெர்லின் கண்காட்சியில் தம் பெயரிலேயே முழு வண்டி ஒன்றை வெளியிட்டார். யந்திரம் மட்டும் போதும் என்ற டைம்லரின் நோக்கமும், முழு வண்டியே வேண்டும் என்ற தந்தையின் கொள்கையும் மகன் வாழ்விலும் மறுபடி எதிர்ப்பட்டன. அவ்வண்டியில் கியர் மாற்றக் கைக்கோலே இல்லை. இருவகை வேகங்களையும் காலால் மிதித்தே பெறலாம். தந்தை செம்மைப்படுத்திய கருவியையே மகன் வேண்டாமென்று நீக்கிக் காட்டினார். கைக்கோலும் ஒரு வழியே, முடிவன்று என்பதை அறிந்த குடும்பம் அது.

வில்ஹெல்ம் மைபாக் 1929-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி தமது எண்பத்து மூன்றாம் வயதில் ஸ்டுட்கார்ட் நகரத்தில் உயிர் நீத்தார். கான்ஸ்டாட்டில் டைம்லர் துயிலும் அதே கல்லறைத் தோட்டத்தில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார். டைம்லர் கம்பெனியும் பென்ஸ் கம்பெனியும் ஒன்றாய் இணைந்ததை அவர் 1926-இல் உயிரோடிருந்து கண்டவர். அவரை ஓர் அறையில் ஒதுக்கிய கம்பெனியின் வழிவந்தோர், இன்று தம் வண்டிகளுள் மிக உயர்ந்தவற்றுக்கு அவர் பெயரையே சூட்டி விற்கின்றனர்.

முடிவுரை

இவர் சரித்திரத்தில் மாணவர் கருதத்தக்கன பல. அறநிலையம் ஒன்று சோற்றோடு தொழிலும் கற்பித்தமையால், அநாதை ஒருவர் உலகத்தின் ஓட்டத்தையே மாற்றினார். இது கல்விச்சாலைகளை நடத்துவோர் கருதவேண்டியது. நண்பர் இருவருள் ஒருவர் கனவு காண, மற்றவர் அதற்கு உருக் கொடுத்தார். யார் பெரியர் என்ற வழக்கு அவர்களுக்குள் எழவில்லை. இது கூடி உழைப்போர் கருதவேண்டியது. பதவியிழந்த பின்னும் அவர் கை ஓயவில்லை. இது தோல்வியுற்றோர் கருதவேண்டியது.

இவையனைத்தினும் மேலாகக் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. புதிய வலிமை கிடைத்தவுடன் அதனைப் பழைய சட்டத்தில் ஏற்றி ஓடத் துடிப்பது இளமையின் இயல்பு. நாடுகளுக்கும் அவ்வியல்பு உண்டு. அவ்வலிமையை எந்தக் கை ஆளும், எந்தத் தடியின் வழியே ஆளும், அத்தடி எவ்வளவு நகரும், எங்கே நிற்கும் என்பவற்றை முன்னரே அளந்து அமைப்பவர் சிலரே. அளக்காமல் ஓடியதன் பயனை லா டூர்பி மலைப்பாதை காட்டியது. அளந்து அமைத்ததன் பயனை அடுத்த ஆண்டே அதே நீஸ் நகரம் கண்டது. கியர் ராடைப் பிடித்து வண்டி ஓட்டுவோர் ஒவ்வொருவரும், அறியாமலே, அந்த அமைதியான மனிதர் அளந்து வைத்த வாயில்களின் வழியாகவே கையை நகர்த்துகிறார்கள்.